மாட்டின் லூதர் கிங் வைத்தியசாலையும் கொரோனாவும்

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



'கொள்ளைநோயும் தொண்டும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, எளிதான விடயம் என்றே எண்ணினேன். 1899ஆம் ஆண்டு கல்கத்தாவிலே பிளேக் நோய் பரவியபோது, சகோதரி நிவேதிதையாரும் சுவாமி சதானந்தரும் குப்பை நிறைந்த சந்துகளைத் துப்புரவு செய்யப் புறப்பட்ட வரலாற்றை நம்மிற் பலர் அறிவோம். அதனையொத்த கதையொன்றை நம் காலத்திலிருந்து தேடி எடுத்துச் சொல்லிவிட்டு உட்காரலாம் என நினைத்தேன். தேடியபோது கிடைத்த கதையிலே தொண்டு நிறைய இருந்தது. ஆயினும், தொண்டை மட்டும் புகழ்ந்துவிட்டு உட்கார அது என்னை விடவில்லை.

"நம்முடைய ஊரிலே ஆஸ்பத்திரி இல்லையா தம்பி, அமெரிக்காவுக்கு ஏன் போனீர்?" என்று பெரியவர் ஒருவர் வாசலிலே கேட்டார். நமது வைத்தியசாலைகள் 2020ஆம் ஆண்டிலே பட்ட பாட்டை, வீட்டுக்குள் அடைபட்டிருந்த பாடசாலை மாணவனாகிய நான் சொல்வதிலும், இச்சபையிலுள்ள தாதியர் சொல்வதே பொருந்தும். செல்வத்தின் இருப்பிடம் என்று நாம் நம்பும் நாட்டிலே, ஏழைகளின் வைத்தியசாலை ஒன்றுக்கு நேர்ந்ததைத்தான் நான் சொல்லப்போகின்றேன்.

கலிபோர்னியா மாநிலத்து லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் தென்பகுதியில் வாட்ஸ் என்றோர் இடம் உண்டு. நிறத்தின் காரணமாய் ஒதுக்கப்பட்ட கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த இடம். 1965 ஓகஸ்ட் மாதம் அங்கே மூண்ட கலவரம் ஆறு நாட்கள் எரிந்தது. 34 பேர் மாண்டனர். காரணத்தை ஆராய்ந்த ஆணைக்குழு, அப்பகுதிக்கு நல்ல வைத்தியசாலை இல்லாத குறையையும் எடுத்துக் காட்டிற்று. அதன் பயனாக 1972இல் ஒரு பெரிய வைத்தியசாலை எழுந்தது. மாட்டின் லூதர் கிங் அவர்களின் பெயரும், இரத்த வங்கி முறைக்கு வழிகாட்டிய கறுப்பின அறிஞர் சாள்ஸ் ட்ரூ அவர்களின் பெயரும் அதற்கு இடப்பட்டன.

பெயர் பெரிது, நிருவாகமோ சீர்கெட்டது. 2007இல் அவசர சிகிச்சைப் பிரிவின் தரையிலே பெண்ணொருத்தி கவனிப்பாரின்றித் துடித்துக் கிடந்து இறந்தாள். அவ்வாண்டே வைத்தியசாலை மூடப்பட்டது. எட்டு ஆண்டுகள் அம்மக்களுக்கு அங்கே வைத்தியசாலை இல்லை. 2015இலேதான், இலாபநோக்கற்ற சபையொன்றின் கீழ், 131 கட்டில்களுடன் 'மாட்டின் லூதர் கிங் சமூக வைத்தியசாலை' திறக்கப்பட்டது. அதனை நம்பியிருக்கும் சுற்றுப்புறத்து மக்களோ பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர்!

கொரோனா வந்தது. "வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள்" என்று அரசு சொன்னது. பஸ் ஓட்டுபவன் வீட்டிலிருந்து எப்படி ஓட்டுவான்? கடையிற் பொருள் அடுக்குபவன், பண்டகசாலையிற் பெட்டி சுமப்பவன், அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் தாய் ஆகியோரே இப்பகுதி மக்கள். அவர்களுட் பெரும்பாலோர் இப்போது ஸ்பானிய மொழி பேசுவோர். இரண்டு அறை வீட்டிலே பாட்டன் முதற் பேரன் வரை வாழும் குடும்பத்தில், நோயுற்றவன் தனித்திருக்க எந்த அறைக்குப் போவது? இவற்றோடு, நாம் சீனிவருத்தம் என்கிறோமே, அந்த நீரிழிவும் அம்மக்களிடையே மிகுதி. கொரோனா அத்தகைய உடலைக் கண்டால் விடுவதில்லை.

2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் வெள்ளம் கரையை உடைத்தது. 131 கட்டில் வைத்தியசாலையிலே நோயாளர் தொகை 200ஐத் தாண்டிற்று. தன்னிலும் மூன்று நான்கு மடங்கு பெரிய வைத்தியசாலைகள் சிலவற்றிலும் கூடுதலான கொரோனா நோயாளரை அது தாங்கிற்று. வெளியிலே கூடாரங்கள் அமைத்தனர். நடைவழிகளிலே தள்ளுகட்டில்கள் வரிசையாயின. பரிசுப்பொருள் விற்கும் கடையும் நோயாளர்க்கு இடமாயிற்று; சப்பலும் அவ்வாறே ஆயிற்று.

சப்பல் என்ற சொல்லைக் கண்டவிடத்துச் சிறிது நின்றுவிட்டேன். நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். காலைதோறும் சப்பல் வாங்கிலே அசையாமல் இருந்து பழகியவன். அங்கே இருமினாலும் ஆசிரியர் திரும்பிப் பார்ப்பார். அத்தகைய இடத்திலே மூச்சுத் திணறும் மனிதரைக் கிடத்தியிருப்பதை மனத்திலே நினைத்துப் பார்த்தேன். அது தீட்டு என்று எனக்குத் தோன்றவில்லை. நமது கோயில் மண்டபமும் ஒருநாள் அவ்வாறு ஆகவேண்டி வந்தால், திறப்பு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் யோசித்தேன்.

மூச்சுக் குழாய் பொருத்திய நோயாளரைக் குப்புறக் கிடத்தினாற் பிராணவாயு நன்கு ஏறுவதுண்டு. ஒருவரைத் திருப்ப ஐந்தாறு பேர் வேண்டும். ஒரு குழாய் நழுவினாலும் உயிராபத்து. தலை முதற் கால் வரை மூடிய உடையுடன் தாதியர் இதனை நாள்தோறும் செய்தனர். சொந்தக்காரர் உள்ளே வர இயலாமையால், இறக்குந் தறுவாயில் உள்ளவரின் முகத்தருகே கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்ததும் தாதியரே. பிள்ளைகள் மறுபக்கத்தில் அழ, இவர் கை நடுங்காமல் நிற்கவேண்டும். இதனைத் தொண்டு என்னாமல் வேறென்ன என்பது?

ஆனால், இங்கேதான் என் மனம் இடறிற்று. நோய் வந்தது வினைப்பயன் என்று சொல்லும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்களோடு நான் வாதிட வரவில்லை. கட்டில் இல்லாமற் போனதும் வினைப்பயனா என்று மாத்திரம் கேட்கின்றேன். அந்நாட்டிலே தனியார் காப்புறுதி உள்ளவனுக்குச் செய்யும் சிகிச்சைக்கு வைத்தியசாலை பெறும் பணம் அதிகம். ஏழைகளுக்கான அரசாங்கக் காப்புறுதி அதே சிகிச்சைக்கு மிகக் குறைவாகவே கொடுக்கும். ஆகவே வைத்தியர்கள் பணமுள்ள பகுதிகளிலே நிலையம் அமைக்கின்றனர். தென்பகுதியில் உள்ளவன், காலிலே புண் புரையோடிய பின்னர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகின்றான். கொரோனா வருமுன்னரே அப்பிரிவு நிரம்பி வழிந்தது. இவ்வேற்றத்தாழ்வை அவ்வைத்தியசாலையின் தலைவி வைத்தியர் இலேன் பச்லர் பல இடங்களிலே வெளிப்படையாகச் சொன்னார். அன்று நிறத்தாற் பிரிக்கப்பட்ட பள்ளிகளைப் போலவே இன்று வைத்தியமும் பிரிந்து கிடக்கின்றது என்பது அவர் வாதம். 1966இல் சிக்காகோவிலே கிங் அவர்களே, வைத்தியத்தில் நிகழும் அநீதி கொடுமையிலும் கொடுமை என்ற கருத்தைச் சொல்லியிருக்கின்றார். அவர் பெயரைத் தாங்கிய கட்டடத்தின் வாசலிலேதான் கூடாரங்கள் நின்றன.

தடுப்பூசி 2020 டிசம்பரிலே வந்தபோதும் நகரத்து வைத்தியசாலை ஊழியரிடையே தயங்கியோர் பலர். அறியாமை என்று நாம் எளிதிற் சொல்லிவிடுவோம். 1932 முதல் 1972 வரை, அலபாமா மாநிலத்து டஸ்கீகியிலே, மேகநோயுற்ற கறுப்பின ஆடவர்க்கு உரிய மருந்தைக் கொடாமல் வைத்துப் பார்த்தது அந்நாட்டு அரசாங்கச் சுகாதாரத் துறை. அந்த நினைவு உள்ள மக்கள் ஊசியைக் கண்டவுடன் கை நீட்டுவார்களா? ஏமாற்றப்பட்டவனின் ஐயத்துக்கு விடை, அவன் அருகிலிருந்து அவன் மொழியிலே பேசும் ஒருவரிடந்தான் உண்டு.

அலை ஓய்ந்தது, கூடாரங்கள் போயின. கைதட்டிப் பாராட்டியவர்களும் தத்தம் வேலைக்குத் திரும்பினர். 2023இலே, வரவுக்கு மீறிய செலவால் அவ்வைத்தியசாலை மூடப்படும் நிலைக்கு வந்தது. நோயாளர் குறைந்ததால் நேர்ந்ததன்று. வந்தவர்களுட் பெரும்பாலோர் குறைந்த கட்டணக் காப்புறுதியுடைய ஏழைகளாய் இருந்ததாலேதான் நேர்ந்தது. மாநில அரசு பணம் உதவியபின் அது தப்பிற்று.

நான் தேடிப் படித்தவை இவ்வளவே. வாசலிலே கேள்வி கேட்ட பெரியவர் முன்வரிசையில் இருக்கின்றார்; அவர் அடுத்த கேள்வியையும் கேட்கலாம்.