பிள்ளைகளின் மாலைப்பொழுதை மீட்போம்

(கிள்ளானில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் பிள்ளைகளின் உடற்பருமனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "வயிற்றுக்கே பற்றாத வீட்டில் பருமன் எங்கிருந்து வரும்?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளில் வாழும் பிள்ளைகளைப் பற்றி, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெப் 2018ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. 15 பேருக்கு எடை குறைவு. 23 பேருக்கு மிகை எடை அல்லது உடற்பருமன். ஒரே மாடிப்படியில் வற்றிய பிள்ளையும் ஏறுகிறது, பருத்த பிள்ளையும் ஏறுகிறது!

இரண்டுக்கும் வேர் ஒன்றே. வயிற்றை நிரப்பும் உணவு மலிவு. உடலை வளர்க்கும் உணவு விலை அதிகம். மீனும் கீரையும் பழமும் வாங்கக் காசு போதாதபோது மீ பொட்டலமும் சீனித் தண்ணீரும் வீட்டுக்குள் வருகின்றன. இதில் தாயைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

லயத்து வாழ்க்கையைப் புகழ நான் வரவில்லை. ஒழுகும் கூரையை நாம் மறக்கவில்லை. ஆயினும் லயத்துக்குப் பின்னால் முருங்கை நின்றது. கோயிலுக்கு முன்னால் திடல் இருந்தது. தோட்டத்தில் பிள்ளைக் காப்பகமும் விளையாட்டு நிலமும் வேண்டுமென்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமே சொல்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்பு நிலமாகவும் தொழிற்சாலையாகவும் மாறியபோது பல குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் பெயர்ந்தன. நான் கணக்கெழுதுகிறவன்; கேட்கிறேன்: இழந்தவற்றின் கணக்கில் அந்தத் திடலை யார் எழுதினார்கள்?

என் அக்காள் மகனுக்குப் பத்து வயது. தோட்டத்தை விட்டு வந்து நான்காம் மாடியில் குடியிருக்கிறார்கள். அவன் கன்னத்தைக் கிள்ளி, "வசதியான வீட்டுப் பிள்ளைபோல் இருக்கிறான்" என்று நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். ஒருநாள் மின்தூக்கி பழுதானபோது இரண்டாம் மாடியிலேயே மூச்சிரைக்க உட்கார்ந்துவிட்டான். அன்றுதான் எனக்கு உறைத்தது. பகல் ஒரு மணிக்குப் பள்ளி விட்டு வருகிறான். அக்காள் வேலை முடிந்து வர ஏழு மணி. அதுவரை பூட்டிய கதவுக்குள் அவனும் தொலைப்பேசியும் ரொட்டிப் பொட்டலமும்தான். சாலைக்கும் கெட்ட சகவாசத்துக்கும் பயந்து அவள் பூட்டுகிறாள். அந்தப் பயம் நியாயமானதே.

ஆகவே, பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள அந்த ஐந்தாறு மணி நேரத்தை நாம் கையில் எடுக்க வேண்டும். கோயில் மண்டபமோ சமூக மண்டபமோ ஒன்று போதும். வீட்டுப்பாடம் முடிந்ததும் விளையாட்டு. நாளுக்கு ஒரு மணி நேரமாவது பிள்ளைகள் உடல் அசைய வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கபடிக்கும் கயிறு தாண்டலுக்கும் பெருஞ்செலவில்லை. குடிக்க வெறுந்தண்ணீர், தின்ன அவித்த கொண்டைக்கடலை, வாழைப்பழம். குடியிருப்பிலுள்ள தாய்மார் இருவர் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். அவர்களுக்குப் படி கொடுக்க வேண்டும். பள்ளி விடுமுறையிலும் இது நடக்க வேண்டும். பெண்பிள்ளையைப் பாத்திரம் கழுவ நிறுத்திவிட்டு ஆண்பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள். பருத்த பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்காதீர்கள். ஒருமுறை அழைத்தால் மறுநாள் அது திடலுக்கு வராது.

பணத்துக்கு எங்கே போவது? சீனி மிகுந்த பானங்களுக்கு 2019 ஜூலை 1 முதல் லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. பின்னர் அது உயர்ந்தது. அந்தப் பானத்தை வாங்கி வரி கட்டுகிறவர்களில் நாமும் உண்டு. அதில் ஒரு பங்கை நம் பிள்ளைகளின் மாலைப்பொழுதுக்குக் கேட்போம். பூட்டிக் கிடக்கும் திடல்களைக் கட்டணமின்றித் திறந்துவிடும்படி நகராண்மைகளைக் கேட்போம்.

எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர் இயக்கம் நம்முடையது. மிச்ச நேரம் குடும்பத்துக்கு வேண்டும் என்றுதான் அன்று கேட்டோம். அந்த நேரம் நம் பிள்ளைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஒவ்வொரு கிளையும் அடுத்த கூட்டத்துக்குள் ஒரு மண்டபத்தையும் இரண்டு தாய்மாரையும் கண்டுபிடித்து வர வேண்டுமெனக் கேட்டு அமர்கிறேன்.