நட்டை முதலில் மாட்டு



ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்தியவன் நான். படிப்பை முடித்துப் போன பையன்களில் சிலர் ஆறு மாதம் கழித்து, கையில் ஃபைலோடு வந்து நிற்பார்கள். "எங்க போனாலும் எக்ஸ்பீரியன்ஸ் கேக்குறாங்க சார்." வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? அந்தக் கேள்வியின் நியாயம் என்னைத் தூங்கவிடாத நாட்கள் உண்டு.

ஒருவனுடைய பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தேன். மதிப்பெண் இருந்தது, தெரிந்த மொழிகள் இருந்தன. கையால் என்ன செய்யத் தெரியும் என்று ஒரு வரி இல்லை.

"வீட்டுல ஃபேன் மெதுவா சுத்துனா என்னடா பண்ணுவ?"

"கெப்பாசிட்டர் போயிருக்கும் சார். ரெண்டரை மைக்ரோஃபேரட் வாங்கி மாத்தணும். எங்க தெருவுல பல வீட்டுக்கு நான்தான் மாத்திக் கொடுத்தேன்."

"இத ஏன் எழுதல?"

பதில் இல்லை. அதையெல்லாம் அவன் வேலைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அவனிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆகவேண்டும். இதற்கு முன்அனுபவம் தேவையில்லை. மாதாமாதம் உதவித்தொகை உண்டு. முடிவில் தேர்வெழுதித் தேறினால் தேசியச் சான்றிதழும் உண்டு. அங்கேயே நிரந்தர வேலை கிடைக்கும் என்ற உறுதி மட்டும் இல்லை. ஆனால் அடுத்த இடத்தில் "அனுபவம் இருக்கா?" என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கும்.

"படிச்சு முடிச்சவனுக்கு மறுபடியும் பயிற்சியா?" என்று வீட்டில் கேட்பார்கள். அவன் அப்பாவும் கேட்டார். பெற்றோரே, தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியால் வந்த வாய்ப்பை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய நிறுவனம் கிடைக்காவிட்டால் சர்வீஸ் கடைகள் இருக்கின்றன. மாசி மாதமே போய்க் கேளுங்கள். வெயில் ஏறினால் அவர்களுக்கு ஆள் பற்றாது. அப்போது புதியவனுக்குச் சொல்லிக் கொடுக்க நேரமும் இருக்காது.

அந்தப் பையன் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தான். முதல் வாரம், கால் இஞ்ச் செம்புக் குழாயை அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். அளவாக வெட்டினான். துகள் உள்ளே விழாமல் குழாயின் வாயைக் கீழே பிடித்துப் பிசிறு எடுத்தான். ஃப்ளேரிங் கருவியில் வைத்து இறுக்கி, வாயை அழகாக விரித்தான். பிறகுதான் பார்த்தான், நட்டு மேஜை மேலேயே கிடந்தது. விரித்த வாய் வழியாக அது இனி ஏறாது.

மூத்த மெக்கானிக் திட்டவில்லையாம். கட்டரை எடுத்து நீட்டினாராம்.

"வெட்டுப்பா. இந்தத் தடவை நட்ட முதல்ல மாட்டு."

அன்று இரவு அதைச் சொல்லத்தான் எனக்குப் போன் செய்தான்.