தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?



மஞ்சோங், தஞ்சோங் பின் மின்சார நிலையங்களில் எரிக்கப்படும் நிலக்கரி கப்பலில் வருகிறது. மலேசியா வாங்கும் நிலக்கரியில் பெரும்பங்கு இந்தோனேசியாவினுடையது. அந்நாட்டின் கிழக்குக் கலிமந்தானில் மகாகம் ஆற்றை ஒட்டிய பகுதிகளில் திறந்தவெளிச் சுரங்கங்கள் ஏராளம். இங்கே விளக்கு எரிவதற்காக அங்கே மண் தோண்டப்படுகிறது. அந்த மண்ணைக் கழுவி ஓடும் தண்ணீர் என்ன ஆகிறது?

நிலக்கரியோடும் அதைச் சுற்றிய பாறையோடும் பைரைட் என்னும் கனிமம் கலந்திருக்கிறது. அது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. மண்ணுக்குள் புதைந்திருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. தோண்டி வெளியே குவித்த பிறகு, காற்றும் மழையும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் இரும்பு, மாங்கனீசு, அலுமினியம் ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்குகிறது.

ஓடைக் கற்களில் செம்மஞ்சள் கறை படிந்தால் யாரும் சந்தேகப்படுவார்கள். ஆனால், அமிலம் மிகுந்த சுரங்கக் குழி நீர் சில வேளைகளில் பளிங்குபோல் தெளிந்து, நீலமாகவே தோன்றும். கரைந்த அலுமினியம் சேற்றைத் திரட்டி அடியில் படிய வைப்பதும் இதற்கு ஒரு காரணம். அப்படிப்பட்ட குழி நீரைக் குளிக்கவும் வயலுக்குப் பாய்ச்சவும் பயன்படுத்தும் குடும்பங்கள் அங்கே உண்டு. கண் ஏமாந்துவிடும். அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீருக்கு இந்தோனேசியச் சுற்றுச்சூழல் அமைச்சு 2003-ஆம் ஆண்டில் வரம்பு விதித்தது. பி.எச். அளவு 6 முதல் 9 வரை இருக்க வேண்டும். ஒரு லிட்டரில் மிதக்கும் துகள் 400 மில்லிகிராமையும், இரும்பு 7 மில்லிகிராமையும், மாங்கனீசு 4 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. பி.எச். ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். 6 என்பது 3 ஆனால் ஆயிரம் மடங்கு!

இந்த எண்களை எப்படி எடுப்பது என்பதில்தான் நேர்மை அடங்கியிருக்கிறது. சுரங்கத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று இரண்டிலும் நீர் எடுத்தால்தான் கெடுத்தது எது என்று புரியும். வெயில் நாளில் மட்டும் எடுத்தால் போதாது. படிவுக் குளம் நிரம்பி வழிவது பெருமழையின்போதுதான். பி.எச். அளவை ஆற்றங்கரையிலேயே பார்த்துவிட வேண்டும். போத்தலில் நேரம் ஆக ஆக அது மாறிவிடும்.

இன்னொன்றும் உண்டு. சுண்ணாம்பைக் கொட்டினால் பி.எச். சரியாகிவிடும், இரும்பும் படிந்துவிடும். மாங்கனீசு அவ்வளவு எளிதில் படியாது. சல்பேட்டின் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடும். ஆகவே, ஓடையில் சல்பேட் ஏறிக்கொண்டே போனால், பி.எச். நன்றாக இருந்தாலும், உள்ளே அமிலம் உருவாகிறது என்பதற்கு அது முன்னெச்சரிக்கை. ஒரே ஓர் எண்ணைக் காட்டி "நீர் நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், மற்ற எண்கள் எங்கே என்று கேட்க வேண்டும்.

சுரங்கம் மூடப்பட்டதும் லாரிகள் போய்விடும், பைரைட் போகாது. பல பத்தாண்டுகளுக்கு அமிலம் கசியலாம். அதனால் கண்காணிப்பும் தொடர வேண்டும். முடிவுகள் அலுவலகக் கோப்பில் தூங்காமல், ஆற்றின் கீழே அந்த நீரில் மீன் பிடிப்பவருக்கும் நெல் நடுபவருக்கும் அவர்கள் மொழியில் போய்ச் சேர வேண்டும்.

மாதந்தோறும் வீட்டுக்கு வரும் மின்சாரக் கட்டணத்தில் அந்த ஆற்றின் கணக்கு எழுதப்படுவதில்லை. அதை மகாகம் கரையில் வாழ்பவர்களே செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். இங்கே விளக்கைப் போடும்போது அவர்களையும் நினைவில் வைப்போம்.