அதிமதுரம்: மருந்தும் அளவும்

 

மழைக்காலம் வந்தால் நம் வீடுகளில் அதிமதுரத் துண்டைத் தேடுகிறோம். தொண்டைக் கரகரப்புக்கும் வறட்டு இருமலுக்கும் ஆயுர்வேதம் இதை 'யஷ்டிமது' என்ற பெயரில் நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறது. பொடியைத் தேனில் குழைத்தும், வேரைத் தட்டிக் கஷாயம் வைத்தும் சாப்பிடுகிறோம். எகிப்திலும் சிரியாவிலும் இதே வேரின் பானம் ரமலானில் நோன்பு திறக்கப் பரிமாறப்படுகிறது.

நாட்டு மருந்துதானே, எவ்வளவு சாப்பிட்டால் என்ன என்று நாமும் நினைத்திருந்தோம். நம் தெருப் பெரியம்மா ஒருவர் இரண்டு மாதம் தினமும் இந்தக் கஷாயம் குடித்தார். பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போட்டும் பிரஷர் ஏறியது, கால் வீங்கியது. மருத்துவரிடம் கஷாயத்தைச் சொல்லவே இல்லை. அதை அவர் மருந்தாக எண்ணவில்லை! நிறுத்திய பிறகே பிரஷர் இறங்கியது.

இந்த வேருக்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசின் என்ற பொருள் உடலில் உப்பையும் நீரையும் தங்கவைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும்.

ஆகவே ரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நீர் மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் சில நாட்களோடு நிறுத்திக்கொள்வோம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் கஷாயம் போதாது. அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். மருத்துவரிடம் மாத்திரைகளோடு கஷாயத்தையும் மறைக்காமல் சொல்வோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல சுகத்தைத் தருவானாக!