கைப்பணியும் கைப்பணியாளர் உரிமையும்



நமது கரையோர ஊர்களின் கைப்பணிகளைப் பற்றி ஆராய்வதற்குக் கல்முனையிலே கூடியிருக்கும் இச்சபைக்குத் தலைமை வகிக்கும் கௌரவத்தை எனக்கு அளித்தமைக்கு நன்றி. கைப்பணியை ஆதரிக்க வேண்டும் என்பதில் இங்கே அபிப்பிராய பேதம் இராது. ஆனால், அந்த ஆதரவு பொருளைக் காக்கின்றதா, அன்றிப் பொருளைச் செய்யும் மனிதரைக் காக்கின்றதா என்பதே இன்று நாம் விசாரிக்க வேண்டிய விஷயம்.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய 1970களின் முற்பகுதியில் சாறனும் சேலையும் நெய்து நாடெங்கும் அனுப்பிய மருதமுனை, 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததன்பின், அந்நிய ஆலைத்துணியின் மலிவுக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தலாயிற்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதி, அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோன சுனாமி, எஞ்சிய தறிகளிலும் பலவற்றை நூலோடும் பாவோடும் வாரிச் சென்றது. அதன்பின் தறிகள் தானமாக வந்தன. ஆனால் தறி தானமாய்க் கிடைத்தவனுக்கும் நூல் விலைக்குத்தானே கிடைக்கிறது! 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது, இறக்குமதி நூலும் சாயமும் ஏறிய விலையிலே அந்தத் தானத்தின் எல்லை எல்லோருக்கும் புலனாயிற்று.

ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், புதுப்பாவின் இழைகளைப் பழைய இழைகளின் நுனியோடு ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகளுள் ஒன்று இடம் மாறினும் சாறனின் கோடு பிசகிவிடும். கண்ணையும் பொறுமையையும் இவ்வளவு கேட்கும் இந்த வேலை, துண்டுக்கு இவ்வளவென்று பேசிய கூலியிலே பெரும்பாலும் கணக்கில்லாமல் கரைந்துபோகிறது.

பாயின் கதையும் இதுவே. வாவியோரச் சதுப்பிலே அறுத்த பன் எனும் புல்லைக் காயவைத்து, கொதிக்கும் சாயத்தில் தோய்த்து, நீர் தெளித்துப் பதமாக்கி இழைப்பவர் பெண்கள். குடிவழியைத் தாய்வழியாக எண்ணும் நமது சம்பிரதாயத்திலே வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் சேர்கிறது. ஆதலால் பாய் இழைக்கிறவள் பெரும்பாலும் தன் சொந்த வீட்டிலிருந்தே இழைக்கிறாள். வீடு அவளுடையது; உழைப்பு அவளுடையது; வாசலைக் கடந்த பாயின் விலையை மட்டும் வேறொருவர் சொல்கிறார். பிளாஸ்டிக் பாய் வந்து அந்த விலையையும் தாழ்த்திவிட்டது.

நமது கரையில் மட்டுமன்று, பாலைநிலத்துப் பெதூயின் மக்களிடத்தும் ஆட்டு ரோமத்தை நூற்று, நிலத்தோடு விரித்த தறியிலே கூடாரத் துணி நெய்பவர்கள் பெண்களே. ஜோர்தானில் பனீ ஹமீதா குலப் பெண்களுக்காக 1985இலும், நெகேவ் பாலைவனத்திலுள்ள லகிய்யாவில் 1991இலும் தொடங்கிய நெசவுத் திட்டங்கள், அவர்களை ஊர்விட்டுப் பெயர்க்காமல், அறிந்த வேலைக்கே வெளியூர்ச் சந்தையைத் தேடிக் கொடுத்தன. சவூதி அரேபியாவினதும் குவைத்தினதும் ‘ஸதூ’ நெசவு 2020இலும், நமது நாட்டின் தும்பறைப் பாய் 2021இலும் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. கீர்த்தி பெரிதே, எனினும் அந்தக் கீர்த்தியைக் கொண்டு கடன்காரனுக்குப் பதில் சொல்ல இயலாதென்பதை நெசவாளர் நன்கறிவர்.

அரசாங்கம் இவ்விஷயத்தில் முற்றாகக் கைகட்டியிருந்ததென்று சொல்வதற்கில்லை. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தேசிய அருங்கலைகள் பேரவையை ஸ்தாபித்தது. கைப்பணிப் பொருள்களுக்கான லக்சல விற்பனை நிலையங்களும் உள்ளன. ஆனால் ஊரார் தாமே நடத்தும் சங்கமொன்று இல்லாவிடில், மேலிருந்து வரும் சகாயம் இடைவழியிலேயே தங்கிவிடும். 1942இல் உதவி அரசாங்க அதிபராக இங்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள், பதவியதிகாரத்தை மட்டும் நம்பியிராமல், கல்முனையிலே முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். கல்விக்கு அன்று செய்ததைக் கைப்பணிக்கு இன்று நாம் செய்ய வேண்டும்.

ஆகவே இக்கருத்தரங்கின் முன் மூன்று வினாக்களை வைக்கிறேன். நூலையும் சாயத்தையும் நெசவாளர் கூட்டாக மொத்த விலையில் வாங்க வழியென்ன? பன் விளையும் சதுப்புகளை மண்நிரப்பலிலிருந்து காக்கும் பொறுப்பு யாருடையது? மருதமுனை என்ற பெயர், மருதமுனையில் நெய்த துணிக்கே உரியதாக இருக்க எவ்வித ஏற்பாடு தேவை?

இவற்றுக்கு விடை கட்டுரைகளிலே மட்டும் கிடைக்குமென்று நான் கருதவில்லை. நிகழ்ச்சிநிரலில் பிற்பகலுக்கென ஒதுக்கப்பட்டிருந்த கைப்பணியாளர் அமர்வை, தலைவருக்குள்ள உரிமையைக் கொண்டு முதலமர்வாக மாற்றுகிறேன். ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளை அதன்பின் வாசிப்பார்கள். கருத்தரங்கு ஆரம்பமாகட்டும்.