கை எடுத்த பிறகு

பிரிட்டனில் இடுப்பு பிடித்துக்கொண்டால், ஆஸ்டியோபதி நிபுணரிடம் போவதா, பிசியோதெரபிஸ்டிடம் போவதா என்ற கேள்வி வருவதுண்டு. இரு தரப்பும் தொட்டுத்தான் வைத்தியம் செய்கின்றன. இரண்டுக்கும் சட்டப்படி பதிவு உண்டு. ஆஸ்டியோபதிக்கு 1993இல் தனிச் சட்டமே வந்தது. பிறந்த விதம்தான் வேறு. எலும்பும் மூட்டும் சீராக இருந்தால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்று நம்பிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், 1892இல் அமெரிக்காவின் கிர்க்ஸ்வில்லில் ஆஸ்டியோபதிப் பள்ளி தொடங்கினார். பிசியோதெரபிக்கு அப்படியொரு மூலவர் கிடையாது. பிரிட்டனில் 1894இல் நான்கு செவிலியர் கூடி அமைத்த மசாஜ் சங்கத்தில் தொடங்கி, போரில் காயம்பட்டவர்களையும் போலியோ தாக்கிய குழந்தைகளையும் நடக்கவைக்கும் வேலையில் அது வளர்ந்தது.

யாருடைய கை நல்ல கை என்று கேட்பதில் பெரிய பயனில்லை என்பேன். 1,334 முதுகுவலிக்காரர்களிடம் நடந்து 2004இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஆஸ்டியோபதி நிபுணர், முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டர், பிசியோதெரபிஸ்ட் மூவரும் பேசி ஒப்புக்கொண்ட ஒரே முறையில்தான் முதுகைக் கையாண்டார்கள். அதோடு உடற்பயிற்சியும் சேர்ந்தபோது மூன்று மாதத்தில் மிதமான பலன் கிடைத்தது. ஓராண்டில் அது சிறுத்தது. வெறும் பயிற்சியின் பலனோ ஓராண்டில் நிற்கவே இல்லை. 2021இல் வந்த பிரெஞ்சு ஆய்வு இன்னும் கறாரானது. 400 பேரில் பாதிப் பேருக்கு ஆஸ்டியோபதி சிகிச்சை, மீதிப் பேருக்கு மெல்லத் தொடும் போலிச் சிகிச்சை. அன்றாட வேலைகளில் முடக்கம் குறைந்ததில் இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம், 100 புள்ளிக்கு 3.4தான். கைவைத்தியம் வேண்டுமானால் உடற்பயிற்சியோடு சேர்த்தே கொடுங்கள் என்று 2016இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு சொன்னதில் நியாயம் இருக்கிறது.

'ஆஸ்டியோபதி நிபுணர் உடம்பை முழுதாகப் பார்க்கிறார், நிதானமாகக் கேட்கிறாரே' என்பார்கள். நிதானம் நல்லதுதான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உடம்பை முழுதாகப் பார்ப்பது என்ற பெயரில் மண்டையோட்டு எலும்புகளை மெல்ல அசைத்துப் பல நோய்களைத் தீர்ப்பதாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. பக்கவாதம் கண்டவரை எழுந்து நிற்கவைப்பது, மூட்டு மாற்று அறுவைக்குப் பின் முழங்காலை மடக்கப் பழக்குவது ஆகியவற்றில் பிசியோதெரபிக்கு இணை சொல்ல ஆஸ்டியோபதியிடம் எதுவும் இல்லை. அதற்காகப் பிசியோதெரபி என்ற பலகை மாட்டிய இடமெல்லாம் தேறிவிடாது. பயிற்சி எதுவும் சொல்லித்தராமல், முதுகில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து அனுப்பிவிடும் சிகிச்சையையும் அதே நைஸ் வழிகாட்டுதல் வேண்டாம் என்றே சொல்கிறது.