மருந்துக்கடையில் நிற்கும் பிள்ளைக்கும் பேர் விழ வேண்டும்

(பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் சங்கத்தின் கல்விக்குழு சார்பில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பேசாமல் மருந்துக்கடையைப் பற்றி ஏன் பேசுகிறோம் என்று கேட்பீர்கள். இதுவும் பேர் போடுகிற விஷயந்தான். நாள் முழுக்க கொழுந்து எடுத்தாலும் செக்ரோலில் பேர் விழாவிட்டால் அந்த நாள் நமக்கு இல்லை. கொழும்பிலும் கண்டியிலும் பார்மசிகளில் நிற்கும் நம் பிள்ளைகள் பலருக்கு வருசக்கணக்காகப் பேர் விழவில்லை.

எங்களிடம் படித்த ஒரு பையன் உயர்தரம் முடித்து ஒரு பார்மசியில் சேர்ந்தான். நாலு வருசம். டாக்டர்மாரின் கிறுக்கல் எழுத்தை எங்களைவிட நன்றாக வாசிப்பான். எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். மருந்தாளர் பரீட்சை எழுதலாம் என்று விசாரிக்கப் போனபோது முதலில் கேட்ட கேள்வி: "பயிலுநராகப் பதிந்திருக்கிறாயா?" அவன் பதியவில்லை. முதலாளி சொல்லவுமில்லை. முதலாளியின் புத்தகத்தில் அவன் வெறும் சேல்ஸ்மன். அந்த நாலு வருசமும் கணக்கில் வரவில்லை.

ஆகவே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் மருந்தாளர் என்று சொல்லிக்கொள்ள இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். பார்மசி நடத்த, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பதிவு பெற்ற மருந்தாளரின் பொறுப்பில்தான் மருந்து கொடுக்கப்பட வேண்டும். சில கடைகளில் என்ன நடக்கிறது? மருந்தாளரின் சான்றிதழ் சுவரில் தொங்கும், ஆள் இருக்கமாட்டார். மருந்தை எடுத்துக் கொடுப்பது நம் பிள்ளை. பிழை நடந்தால் முதலில் மாட்டுவதும் அவன்தான்.

பிழை என்றால் என்ன பிழை என்று நினைக்கிறீர்கள்? ஒரு லயத்துப் பாட்டிக்கு மூட்டுவாதம். முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்த கை. மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை கொடுத்தார்கள். அது வாரத்தில் ஒருநாள் மட்டும் போடுகிற மருந்து. கவரில் அப்படித்தான் எழுதியிருந்தது, சிங்களத்தில். பாட்டி மற்ற மாத்திரைகளைப் போல அதையும் தினமும் போட்டுவிட்டார். ஆறாம் நாள் வாயெல்லாம் புண், சோறு இறங்கவில்லை. பேரப்பிள்ளை அந்தக் கவரைப் புத்தகப் பைக்குள் வைத்து எங்களிடம் கொண்டுவந்தாள், "சேர், இதில என்ன எழுதியிருக்கு?" என்று. வாசித்ததும் பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரத்த அணுக்களையே குறைக்கக்கூடிய மருந்து அது. பிழைத்துக்கொண்டார்.

அந்தக் கவுண்டரில் தமிழ் பேசுகிற, படித்த ஒருவர் நின்று "பாட்டி, இது கிழமைக்கு ஒண்ணுதான், வெள்ளிக்கிழமை மட்டும் போடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மருந்தாளரின் வேலையில் பாதி அந்த வார்த்தைதான். டாக்டர் எழுதியதில் அளவு பிசகியிருந்தால் பிடிப்பதும் அவர்தான். அவருக்குப் பிறகு மருந்து வாய்க்குப் போய்விடும்.

இனி வழிகள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு இருந்தால் பல்கலைக்கழகத்தில் மருந்தாளர் பட்டம் படிக்கலாம். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. படிப்பு ஆங்கிலத்தில், நாலு வருசம். அரச ஆஸ்பத்திரிகளுக்காகச் சுகாதார அமைச்சு பயிற்சிக்கு ஆள் எடுப்பதும் உண்டு. அது வர்த்தமானியில் வரும், நாங்கள் பார்த்துச் சொல்வோம். மூன்றாவது, அந்தப் பையன் தவறவிட்ட வழி: பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரிடம் பயிலுநராகச் சேர்வது, சேர்ந்ததை முறைப்படி பதிவது, பிறகு பரீட்சை. வேலைக்குச் சேரும் மாதமே பதிவைக் கேட்க வேண்டும். கடைக்காரர் தயங்கினால் சங்கத்துக்கு வாருங்கள்.

இன்னொன்று. நகையை அடகு வைத்து "பார்மசி டிப்ளோமா" படிக்க வைக்கிறீர்கள். பளபளவென்று சான்றிதழ் தருகிறார்கள், பட்டமளிப்பு உடுப்போடு படமும் எடுக்கிறார்கள். பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இதைப் படித்தால் மருத்துவ சபையில் மருந்தாளராகப் பதியலாமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

உயிரியல் படிக்கப் பள்ளிக்கூடம் எங்கே என்று பின்வரிசையில் ஒரு தாய் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம். இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் எத்தனையோ பிள்ளைகளைக் கலைப்பிரிவுக்குத் தள்ளியிருக்கிறோம். ஆசிரியர்களாகிய நாங்களே அதைச் செய்திருக்கிறோம். கல்வித் திணைக்களத்துக்கு அனுப்பும் மனுவில் இதுதான் முதல் கோரிக்கை.

தோட்ட டிஸ்பென்சரியையும் விட முடியாது. தோட்டத்து மருத்துவத் தேவைக்கென்று 1912இலேயே ஒரு கட்டளைச்சட்டம் வந்தது. இன்றைக்கு டாக்டர் ஐயா லீவில் போனால் மருந்தை எடுத்துத் தருவது யார்? அவர் என்ன படித்தவர்? கவரில் தமிழில் எழுதுகிறாரா? தலைவர்மார் அடுத்த கமிட்டிக்கு இந்த மூன்றுக்கும் பதில் கொண்டுவர வேண்டும்.

பார்மசியில் வேலை செய்யும் பிள்ளைகளின் பெயர், கடை இருக்கும் ஊர், சேர்ந்த மாதம், பயிலுநராகப் பதிந்ததா இல்லையா, இவற்றை இன்று வாசலில் இருக்கும் கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் எங்கள் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.